சீனத்தை வியப்பவர்கள் சீன மக்களையும் அறிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மைக் காலமாகத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சீனப் பயணக் கட்டுரைகள் தொடர்ந்து வெளிவருகின்றன. சோங்சிங் நகரில் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஊடே புகுந்து செல்லும் ரயிலையும், ஷாங்காய் ஆற்றங்கரையின் இரவு விளக்குகளையும், 45,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுவிட்ட அதிவேக ரயில் பாதைகளையும் அக்கட்டுரைகள் நிறையவே விவரித்தன. சீனா பல நாட்டவருக்கு விசா இன்றி வந்துசெல்லும் வசதியை அளித்த பிறகு, மேலை நாட்டு இளைஞர்கள் அங்கே சென்று எடுத்து வெளியிடும் காணொளிகளை நம் பிள்ளைகளும் கண்டு வியக்கிறார்கள். இவ்வியப்பைக் குறை கூறுவதற்காக நான் எழுதவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் வறுமையில் உழன்ற ஒரு நாடு இன்று எட்டியிருக்கும் நிலை எவரையும் வியக்கச் செய்யும். ஆனால், வெளிவந்த கட்டுரைகள் அத்தனையிலும் ரயில் இருக்கிறது, பாலம் இருக்கிறது, உணவு இருக்கிறது. பெயரோடும் தொழிலோடும் கருத்தோடும் பேசுகிற ஒரு சீன மனிதர்கூட இல்லை என்பது என்னைத் தொடர்ந்து உறுத்திவந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சீனத்தை அயலார் வியந்த வரலாறு நெடியது. அவ்வரலாற்றை இயன்ற அளவு தேடிப் படித்தவன் என்ற முறையில் எனக்குப் புலப்பட்டது ஒன்றுதான்: பட்டையும் பீங்கானையும் தத்துவத்தையும் கட்டடங்களையும் போற்றிக்கொண்டே அவற்றைப் படைத்த மக்களை ஒரு பொருட்டாக மதிக்காதவர்களின் வியப்பு மிக எளிதில் இகழ்ச்சியாகவும், சில வேளைகளில் கொள்ளையாகவும் மாறியிருக்கிறது, மனிதர்களிடமிருந்து தொடங்கிய வியப்பு மட்டுமே நிலைத்துநின்று இரு தரப்புக்கும் பயன் தந்திருக்கிறது.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த சான்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் அறிஞர் ஜோசப் நீடம். 1900-ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்த அவர், கருவளர்ச்சியின் வேதியியல் குறித்து மூன்று பெருந்தொகுதிகளை 1931-இல் வெளியிட்டுத் தம் துறையில் பெரும்புகழ் பெற்றவர். சீன மொழியோ சீன வரலாறோ அவர் கற்றிருந்த எதிலும் இடம்பெறவில்லை. 1937-இல் லூ குவெய்ஜென், வாங் யிங்லாய், ஷென் ஷிஜாங் என்னும் மூன்று சீன இளம் ஆய்வாளர்கள் கேம்பிரிட்ஜுக்கு வந்துசேர்ந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அவர்களோடு பழகப் பழக, அறிவியலை அணுகுவதில் அவர்களுடைய மனம் தம் மனத்தைப் போலவே இயங்குவதை நீடம் கண்டார். அப்படியானால், நவீன அறிவியல் ஐரோப்பாவில் மட்டும் தோன்றியது ஏன், இவர்களுடைய முன்னோர் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. பிற்காலத்தில் அறிஞர் உலகில் நீடத்தின் பெயராலேயே வழங்கலாயிற்று அக்கேள்வி. உடன் வேலை செய்த மூன்று பேரைச் சமமானவர்களாக மதித்ததிலிருந்து அது பிறந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

லூ குவெய்ஜென் நான்ஜிங் நகரத்து மருந்து வணிகர் ஒருவரின் மகள். பழைய சீன மருத்துவத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாகாது என்னும் எண்ணத்தைத் தம் தந்தையிடமிருந்து பெற்றவர் அவர். அவரிடம் எழுத்துகளைக் கற்கத் தொடங்கிய நீடம், பின்னர் பல்கலைக்கழகப் பேராசிரியரிடமும் முறையாகப் பயின்று, முப்பத்தேழு வயதுக்குப் பிறகு பழஞ்சீனத்தைப் படிக்கும் அளவுக்குத் தேர்ந்தார். சீனத்தின் மீது ஜப்பான் தொடுத்த போர் உச்சத்தில் இருந்த காலத்தில், 1943-இன் தொடக்கத்தில், சீன அறிவியலாளர்களுக்கு உதவும் பொறுப்பில் பிரிட்டிஷ் அரசு அவரை அங்கே அனுப்பியது. ஜப்பானியரின் படையெடுப்பால் சீனப் பல்கலைக்கழகங்கள் நூல்களையும் கருவிகளையும் சுமந்துகொண்டு உள்நாட்டு மலைப்பகுதிகளுக்கு இடம்பெயர்ந்திருந்தன. பெய்ஜிங்கின் இரு பல்கலைக்கழகங்களும் தியான்ஜினின் நான்காய் பல்கலைக்கழகமும் ஒன்றிணைந்து குன்மிங் நகரில் இயங்கின. பின்னாளில், 1957-இல், இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற யாங் சென்னிங், லீ செங்தாவ் ஆகிய இருவரும் அங்கே பயின்றவர்கள். ஹாங்சோ நகரத்திலிருந்த சேஜியாங் பல்கலைக்கழகம் குவெய்சோ மாநிலத்தின் சிற்றூர்களில் வகுப்புகளை நடத்தியது.

நீடம் சோங்சிங்கில் அலுவலகம் அமைத்துக்கொண்டு, லாரியில் மலைச்சாலைகள் வழியே இந்நிறுவனங்களைத் தேடித்தேடிச் சென்றார். அங்கிருந்தவர்களுக்கு வேண்டிய வேதிப்பொருள்கள், கருவிகள், அறிவியல் இதழ்கள் ஆகியவற்றின் பட்டியலை எழுதி, விமானத்தில் தருவித்துக் கொடுத்தார். போன இடத்திலெல்லாம் அவர் கேட்ட இன்னொரு செய்தி, அந்தந்தத் துறையின் பழைய வரலாற்றைப் பற்றியது. வேதியியலாளர் வெடிமருந்தின் வரலாற்றைச் சொன்னார். வேளாண் அறிஞர் பழைய உழவு நூல்களைக் காட்டினார். சேஜியாங் பல்கலைக்கழகத் தலைவரும் வானிலை அறிஞருமான ஜூ கெஜென், பதினெட்டாம் நூற்றாண்டில் பதிப்பிக்கப்பட்ட பத்தாயிரம் இயல்கள் கொண்ட பெருங்கலைக்களஞ்சியம் உட்படப் பல நூல்களைத் திரட்டிக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிவைத்தார். இவ்வாறு தாமே முன்வந்து தம் முன்னோரின் செல்வத்தை ஓர் அயலாரிடம் ஒப்படைக்கும் நம்பிக்கை அம்மக்களுக்கு எப்படி வந்தது? குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாள்களில் உடன் இருந்து உழைத்தவருக்குக் கிடைத்த நம்பிக்கை அது.

சீனத்தின் அறிவியலையும் நாகரிகத்தையும் பற்றிய அவருடைய நூல்வரிசையின் முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. வாங் லிங் என்னும் சீன வரலாற்றறிஞர் அதில் அவருக்குத் துணை நின்றார். பிற்காலத் தொகுதிகளில் லூ குவெய்ஜென் உள்ளிட்ட சீன அறிஞர்கள் பலரும் பங்கேற்றனர். அவ்வரிசை இன்று இருபதுக்கும் மேற்பட்ட பெருநூல்களாக விரிந்திருக்கிறது. அச்சு, வெடிமருந்து, காந்த ஊசி ஆகிய மூன்றும் உலகத்தையே மாற்றிவிட்டன என்றும், அவற்றின் தோற்றம் தெளிவாகத் தெரியவில்லை என்றும் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஃபிரான்சிஸ் பேக்கன் 1620-இல் எழுதினார். அம்மூன்றும் சீனத்தில் தோன்றியவை என்பதை மூலநூல்களின் துணையோடு விரிவாக நிறுவியது நீடத்தின் குழு. முதல் தொகுதியை அவர் எந்த அரசருக்கும் அமைச்சருக்கும் காணிக்கையாக்கவில்லை; நான்ஜிங் நகரத்து மருந்து வணிகரான லூவின் தந்தைக்கே காணிக்கையாக்கினார். 1937-இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த மூவரில் மற்றொருவரான வாங் யிங்லாய் தாயகம் திரும்பி, 1965-இல் இன்சுலினைச் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டிய சீன அறிவியலாளர் குழுவை வழிநடத்தியவர்களுள் ஒருவராக விளங்கினார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தகைய அணுகுமுறை நீடத்துக்கு முன்பும் இருந்தது. இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபையைச் சேர்ந்த இத்தாலியரான மத்தேயோ ரிச்சி 1583-இல் சீனத்தின் தென்பகுதியில் குடியேறி, அந்நாட்டு அறிஞர்களின் உடை உடுத்து, அவர்களுடைய செவ்வியல் நூல்களைக் கற்று, சூ குவாங்சி என்னும் சீன அறிஞரோடு சேர்ந்து யூக்ளிடின் வடிவியலில் முதல் ஆறு பகுதிகளைச் சீனத்தில் பெயர்த்து 1607-இல் வெளியிட்டார். அவர் 1610-இல் மறைந்தபோது, அயலாராக இருந்தும் பெய்ஜிங்கில் அடக்கம் செய்யப் பேரரசரே நிலம் வழங்கினார். சீனம் செல்லுமுன் கோவாவிலும் கொச்சியிலும் சில ஆண்டுகள் தங்கியிருந்தவர் அவர். அதே இயேசு சபையைச் சேர்ந்த இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தித் தமிழும் வடமொழியும் கற்றதை அறிந்திருக்கும் தமிழ் வாசகர்களுக்கு ரிச்சியின் வழி புதிதாகத் தோன்றாது. சமயம் பரப்புவதே இருவரின் நோக்கம் என்பதும் உண்மை. ஆயினும், கற்பிக்கப் போன இடத்தில் முதலில் மாணவராக அமர்ந்தார்கள் என்ற வகையில் அவர்களை நான் மதிக்கிறேன்.

ஐரோப்பாவில் வீட்டிலிருந்தபடியே சீனத்தை வியந்தவர்களின் கதை வேறாக முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே சீனப் பீங்கானும் தேயிலையும் பட்டும் செல்வர் வீடுகளை நிறைத்தன. அரசர்களின் தோட்டங்களில் சீனக் கோபுரங்களைப் போன்ற கட்டடங்கள் எழுந்தன. வால்த்தேர் போன்ற சிந்தனையாளர்கள் தம் நாட்டுத் திருச்சபையையும் அரசையும் சாடுவதற்குக் கன்ஃபூசியஸின் நாட்டை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தினார்கள். வால்த்தேர் சீனத்தை நேரில் கண்டதில்லை. அவர் கண்டது பிரான்சின் குறைகளை நிரப்புவதற்கு ஏற்ற ஒரு கற்பனை நாட்டையே. அத்தகைய புகழ்ச்சிக்கு வேர் இல்லை. அடுத்த நூற்றாண்டு பிறந்ததும் அதே ஐரோப்பா சீனத்தைத் தேங்கிப்போன நாடு என்று இகழத் தொடங்கியது. தேயிலைக்குக் கொடுக்க வேண்டிய வெள்ளியை மிச்சப்படுத்துவதற்காக, கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் ஏலம் விட்ட அபினியைப் பிரிட்டிஷ் வணிகர்கள் சீனக் கடற்கரையில் இறக்கினார்கள். அதைத் தடுக்க முற்பட்ட நாட்டின் மீது 1839-இல் போர் மூண்டது.

இந்தப் போரில் நம் பங்கும் இருக்கிறது என்பதைப் பள்ளிப் பாடங்கள் நமக்குச் சொல்வதில்லை. 1841 மே மாதத்தில், குவாங்சோ நகருக்கு அருகில் சான்யுவான்லி என்னும் சிற்றூரின் மக்கள் ஆங்கிலப் படையை எதிர்த்துத் திரண்டபோது, கொட்டும் மழையில் துப்பாக்கிகள் நனைந்து செயலிழக்க, அவர்களிடையே சிக்கிக்கொண்டவர்கள் மதராஸ் 37-ஆவது காலாட்படைப் பிரிவினர். சீனப் பாடநூல்களில் அந்நிகழ்ச்சி மக்கள் எழுச்சியாகக் கொண்டாடப்படுகிறது. நம்மவரை அங்கே அனுப்பியது வேற்று அரசு. ஆனால் அங்கே போய் நின்றவர்கள் நம் மாகாணத்தவர். அபினி வணிகத்தின் கொடுமையை இந்தியரில் மிக முன்னதாகவே கண்டித்து எழுதியவர்களில் ஒருவர் இரவீந்திரநாத தாகூர். 1881-இல், இருபது வயதில், அவ்வணிகத்தை மரண வணிகம் என்று அவர் வங்க மொழியில் எழுதினார். பிற்காலத்தில் அவர் 1924-இல் சீனம் சென்றதற்கும், 1937-இல் சாந்திநிகேதனில் சீன பவனம் திறக்கப்பட்டதற்கும் அடியில் இருந்தது அந்த இளமைக்காலப் பரிவே என்று நான் கருதுகிறேன்.

1860 அக்டோபரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பெய்ஜிங்குக்கு வெளியே இருந்த யுவான்மிங்யுவான் என்னும் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடி, பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆணைப்படி தீயிட்டு அழித்தனர். கொள்ளைப் பொருள்கள் லண்டனிலும் பாரிஸிலும் ஏலத்துக்கு வந்தன; அவற்றை வாங்கியவர்கள் சீனக் கலையை வியந்தவர்களே. அடுத்த ஆண்டில் அதே எல்ஜின் இந்தியாவின் வைஸ்ராயாக நியமிக்கப்பட்டார். அந்த 1861-இல் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ எழுதிய கடிதத்தில் இங்கிலாந்தையும் தம் சொந்த நாடான பிரான்சையும் இரண்டு கொள்ளையர் என்றே குறிப்பிட்டு, கவர்ந்த பொருள்களைப் பிரான்ஸ் ஒருநாள் சீனத்திடம் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். ஹ்யூகோவும் சீனத்தைக் கண்டவர் அல்லர். நேரில் காணாத குறையைப் பொதுநீதியால் நிறைவு செய்ய முடியும் என்பதற்கு அக்கடிதம் சான்று.

அமெரிக்காவில் நடந்ததையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். 1869-இல் முடிவுற்ற கண்டம் கடக்கும் ரயில் பாதையின் மேற்குப் பகுதியை, சியரா நெவாடா மலைகளைக் குடைந்து அமைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1882-இல் அந்நாடு சீனத் தொழிலாளர்கள் நுழையத் தடைச்சட்டம் இயற்றியது. அச்சட்டம் 1943-ஆம் ஆண்டு வரை நீக்கப்படவில்லை. அந்த அறுபது ஆண்டுகளில்தான் அந்நாட்டின் பெரும் அருங்காட்சியகங்கள் சீன ஓவியங்களையும் வெண்கலக் கலங்களையும் போட்டியிட்டுச் சேர்த்தன.

நாமும் இதில் தப்பவில்லை. 1962 எல்லைப் போரின்போது, கல்கத்தாவிலும் அசாமிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேரைக் குழந்தைகளோடும் முதியவர்களோடும் ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைத்துவைத்தோம். அவர்களில் சிலர் பல ஆண்டுகள் அங்கேயே இருக்க நேர்ந்தது. 2020-இல் கொரோனா பரவியபோது நம் பெருநகரங்களில் வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த மாணவர்களும் தொழிலாளர்களும் முகத்தோற்றம் காரணமாகச் சீனர் என்றும் நோய் என்றும் ஏசப்பட்டார்கள். அன்று ஏசிய தெருவே இன்று அதிவேக ரயிலைக் கண்டு வியக்கிறது. மக்களை அறியாதபோது இகழ்ச்சியும் வியப்பும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது எனக்கு அச்சத்தைத் தருகிறது.

இன்னொரு செய்தியையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். மக்களை மதிப்பது வேறு, அவர்களை ஆளும் அரசு சொல்வதையெல்லாம் ஏற்பது வேறு. 1959 முதல் 1961 வரை சீனத்தைப் பெரும் பஞ்சம் வாட்டி, கோடிக்கணக்கில் உயிர்களைப் பலிகொண்டது. அந்த 1961-இல் சீனம் சென்று மாவோவைச் சந்தித்துத் திரும்பிய பிரான்சுவா மித்தரான், பிற்காலத்தில் பிரான்சின் அதிபரானவர், அங்கே பஞ்சம் இல்லை என்று எழுதினார். அரசு காட்டியதைக் கண்டு, அரசு சொன்னதைக் கேட்டுத் திரும்பியதன் விளைவு அது. நீடமும் இந்தக் குறையிலிருந்து முழுதும் விலகியவர் அல்லர். கொரியப் போரில் அமெரிக்கா நோய்க்கிருமிகளைப் பயன்படுத்தியது என்ற குற்றச்சாட்டை ஆராய்ந்த 1952-ஆம் ஆண்டுக் குழுவில் அமர்ந்து, அதனை உறுதிப்படுத்தும் அறிக்கையில் அவர் ஒப்பமிட்டார். அச்சான்றுகளில் சில புனையப்பட்டவை என்று பின்னாளில் வெளிவந்த சோவியத் ஆவணங்கள் கூறின. சீன நண்பர்களிடம் அவர் கொண்டிருந்த நம்பிக்கையே அவரை அங்கே இழுத்துச் சென்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அவருடைய வாழ்நாள் உழைப்பின் மதிப்பை அது குறைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இதற்கு மாறாக, பெல்ஜியத்தில் 1935-இல் பிறந்த பியர் ரிக்மான்ஸ் என்னும் சீனவியல் அறிஞரை நினைத்துப் பார்க்கிறேன். இளமையில் மாணவர் குழுவோடு சீனம் சென்று, அம்மொழியிலும் ஓவியத்திலும் இலக்கியத்திலும் ஆழ்ந்து தோய்ந்தவர் அவர். மாவோ தொடங்கிவைத்த பண்பாட்டுப் புரட்சியைப் பாரிஸின் அறிவாளிகள் பலர் புதுயுகம் என்று பாடிக்கொண்டிருந்த வேளையில், சைமன் லேஸ் என்னும் புனைபெயரில் 1971-இல் அவர் அதன் கொடுமைகளை வெளிப்படுத்தினார். ஹாங்காங்கில் வாழ்ந்த அவர், அங்கே கிடைத்த சீன நாளிதழ்களை வரிவரியாகப் படித்தும், எல்லை கடந்து தப்பிவந்தோரிடம் கேட்டும் அறிந்தவற்றையே எழுதினார். சீனத்தின் எதிரி என்று பாரிஸில் அவரைத் தூற்றினார்கள். கோயில்கள் இடிக்கப்பட்டு, ஆசிரியர்கள் மாணவர்களாலேயே அவமானப்படுத்தப்பட்டு, நூல்கள் எரிக்கப்பட்டபோது, அம்மக்களை நேசித்தவரால் வாளாவிருக்க முடியவில்லை. புகழ்ந்தவர்கள் சீனம் அறியாதவர்களாகவும், கண்டித்தவர் சீனத்தில் புலமை பெற்றவராகவும் இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இந்தியர்களில் சீன மக்களின் நெஞ்சில் இன்றும் நிற்பவர் டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் 1910-இல் பிறந்தவர். சீனத் தளபதி சூ தேயின் வேண்டுகோளை ஏற்று, 1938-இல் இந்திய தேசிய காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர் குழுவில் ஒருவராகக் கப்பலேறினார். மற்றவர்கள் காலப்போக்கில் திரும்பிவிட, அவர் வடசீனப் போர்முனையில் தங்கி, அங்கே பணியாற்றி உயிர்நீத்த கனடா நாட்டு மருத்துவர் நார்மன் பெத்யூன் பெயரில் அமைந்த மருத்துவமனையின் பொறுப்பை ஏற்று, அங்கே செவிலியர் பயிற்சி அளித்த குவோ சிங்லானை 1941-இல் மணந்தார். சீன மொழியில் பேசவும் எழுதவும் கற்று, அம்மொழியிலேயே மாணவர்களுக்கு அறுவை மருத்துவம் கற்பித்தார். 1942 டிசம்பர் 9 அன்று, முப்பத்திரண்டு வயதில், வலிப்பு நோயால் அங்கேயே உயிர்நீத்தார். எல்லைச் சிக்கல்களால் இரு அரசுகளும் முகம் திருப்பிக்கொண்ட காலங்களிலும், சீனத் தலைவர்கள் இந்தியா வரும்போது கோட்னிஸின் குடும்பத்தாரைச் சந்திப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள்.

மருத்துவரோ அறிஞரோ அல்லாத எளிய தமிழர்களுக்கும் இவ்வழி மூடப்பட்டிருக்கவில்லை என்பதற்குச் சீன வானொலியின் தமிழ்ப் பிரிவைக் குறிப்பிட விரும்புகிறேன். 1962 போர் முடிந்து ஓராண்டுகூட நிறைவுறாத நிலையில், 1963 ஆகஸ்ட் 1 அன்று பெய்ஜிங்கிலிருந்து சிற்றலையில் அந்தத் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் நானும் அதன் நேயர்களுள் ஒருவனாக இருந்தேன். தமிழ்நாட்டுக்கே வராமல் பெய்ஜிங்கில் தமிழ் கற்று, தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு, நாம் எழுத்தில் மட்டுமே காணும் தூய சொற்களைப் பேச்சிலும் வழங்கிய அந்தச் சீன அறிவிப்பாளர்களின் குரல், இரைச்சலுக்கு நடுவே வந்துசேரும். சிற்றூர்களில் ஆசிரியர்களும் அஞ்சல் ஊழியர்களும் நெசவாளர்களும் நேயர் மன்றங்கள் அமைத்தார்கள். நிகழ்ச்சிகளைக் கேட்டுக் கருத்து எழுதினார்கள். எழுதியவரின் பெயரும் ஊரும் பெய்ஜிங்கிலிருந்து வாசிக்கப்படுவதைக் குடும்பத்தோடு அமர்ந்து கேட்டார்கள். அது சீன அரசின் வானொலி; அரசின் நிலைப்பாட்டுக்கு மாறான ஒரு செய்தியும் அதில் வந்ததில்லை. அதை நாங்கள் அறிந்தே கேட்டோம். திபெத்தைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் அவர்கள் சொன்னவற்றை ஏற்காத நேயர்கள்கூட, வசந்த விழாவில் வீட்டார் கூடி உண்பதைப் பற்றியும், வயலில் நாற்று நடும் முறையைப் பற்றியும், பிள்ளைகளின் தேர்வைப் பற்றிய பெற்றோரின் கவலையைப் பற்றியும் அவர்கள் பேசியதை விரும்பிக் கேட்டார்கள். எங்களுக்குச் சீனம் என்றால் நிலப்படம் நினைவுக்கு வராது. எங்கள் மொழியைக் கற்க உழைத்த மனிதர்களே நினைவுக்கு வருவார்கள். அவர்கள் நம் மொழியிடம் காட்டிய அக்கறைக்கு ஈடாக அவர்களுடைய மொழியிடம் நாம் என்ன காட்டினோம் என்ற கேள்வியும் கூடவே எழும்.

2025 ஜனவரியில், டிக்டாக் செயலிக்கு அமெரிக்காவில் தடை வரவிருந்த நாள்களில், அந்நாட்டுப் பயனர்கள் பெருந்திரளாகச் சீனரின் சியாவ்ஹோங்ஷூ என்னும் சமூக ஊடகச் செயலிக்குள் நுழைந்தார்கள் என்ற செய்தியைத் தாங்களும் வெளியிட்டீர்கள். அங்கே இரு நாட்டவரும் மளிகை விலை, மருத்துவச் செலவு, வேலை நேரம், வீட்டு வாடகை ஆகியவற்றைப் பற்றி ஒருவரையொருவர் கேட்டறிந்தார்கள். கட்டடங்களைக் காட்டும் ஆயிரம் காணொளிகளைவிட அந்தச் சில நாள் உரையாடல் மதிப்புமிக்கது என்பேன். நம் நிலையிலும் இதற்கான வாய்ப்புகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சீனப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்று திரும்பிய தமிழ் மாணவர்கள் நம் மாவட்டங்களில் ஏராளமாக உள்ளனர். ஐந்தாறு ஆண்டுகள் அம்மக்களோடு வாழ்ந்து, அவர்களுடைய நோயாளிகளிடம் அவர்கள் மொழியில் பேசிப் பழகியவர்கள் அவர்கள். திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் இயந்திரங்களுக்காகவும் உதிரிப்பாகங்களுக்காகவும் குவாங்சோவுக்கும் யீவூவுக்கும் சென்றுவரும் வணிகர்கள் இருக்கிறார்கள். ஒரு சீனக் குடும்பத்தோடு பல ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவருக்குத் தெரிந்தது ஒரு வாரச் சுற்றுலாப் பயணிக்குத் தெரியாது. இவர்களிடம் தங்கள் செய்தியாளர்களை அனுப்பி, அவர்கள் அறிந்த சீன மனிதர்களைப் பற்றி எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கசப்பான பட்டறிவுகளையும் விலக்காமல் வெளியிட வேண்டும். எல்லாரும் நல்லவர் என்று எழுதுவதும் மக்களை அறியாததன் அடையாளமே.

அதோடு, சீன மொழியிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வரும் படைப்புகளுக்குத் தங்கள் இலக்கியப் பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும். முந்நூற்றைந்து பாடல்கள் கொண்ட சீனர்களின் மிகப் பழைய பாடல் தொகுதியிலிருந்து சில பாடல்கள் நேரடியாகத் தமிழாக்கப்பட்டு வந்ததைப் படித்தபோது, பிரிந்து சென்ற கணவனை எண்ணி வருந்தும் பெண்ணின் குரலைக் குறுந்தொகை படித்த எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று தோன்றியது. ஆங்கிலத்தின் வழியே வரும் சீனக் கதைகளைப் போதும் என்று கொள்ளாமல், மொழி கற்ற சிலரையேனும் நாம் உருவாக்க வேண்டும். பெய்ஜிங்கில் பல்கலைக்கழக நிலையில் தமிழ் கற்பிக்கப்படுகிறது; நம் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் சீனத்தை மொழியாகவும் இலக்கியமாகவும் கற்பிக்கும் நிலையான துறைகள் வேண்டும் என்பதைத் தாங்கள் தலையங்கத்தில் வலியுறுத்தினால், அரசின் காதுக்கு எட்டும்.

நேயர் மன்றங்களின் பழைய சுற்றறிக்கைகளும், பெய்ஜிங்கிலிருந்து தமிழில் கையால் எழுதி வந்த பதில் கடிதங்கள் சிலவும் என்னிடம் உள்ளன. அவற்றைப் பற்றிய கட்டுரை எழுதத் தங்கள் அலுவலகத்திலிருந்து எவரேனும் முன்வந்தால், அனைத்தையும் படியெடுத்துக்கொள்ளத் தரவும், என்னைப் போன்ற மற்ற பழைய நேயர்களிடம் அழைத்துச் செல்லவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
சேலம் மாவட்டம்